நர்ஸம்மா ஏறி வரவில்லை

நவம்பர் 30

என்னங்க,

நேற்று போனை நீங்கள் வைத்தீர்களா, லைன் அறுந்ததா என்று தெரியவில்லை. லைன் அறுந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. எழுதினால் குறைந்தது ஒரு வாக்கியமாவது முழுதாகக் கேட்பீர்கள்.

நாளை மறுநாள் பயிற்சி முகாமுக்குப் போகிறேன். இருபது நாள். பனியில் நடப்பது, விழுவது, விழுந்தால் சரியாமல் நிற்பது, கயிறு கட்டுவது, அடிபட்டவரைக் கயிற்றில் இறக்குவது. சாலைத்துறை தன் ஆட்களுக்காக வருஷா வருஷம் நடத்துவதுதான். இந்த மலை ஆஸ்பத்திரியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. டாக்டர் என் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தார். "வயசு சரியாத்தான் போட்டிருக்கீங்களா?" என்றார். "நாற்பத்து மூணுதான் சார்" என்றேன். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சேர்ந்திருக்கும் லீவை எல்லாம் எடுத்துக்கொண்டு டிசம்பரில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அந்த லீவில்தான் இந்தப் பயிற்சிக்குப் போகிறேன். உங்களிடம் கேட்காமல் முடிவு செய்தேன். அது தப்பு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. இதுவும் தப்புதான்.

முகாமில் சிக்னல் கிடையாது. ரேஷன் லாரி வாரம் இரண்டு தடவை வரும். கடிதம் எழுதினால் அதில்தான் வந்து சேரும்.

கட்டில் முழுக்கச் சாமான் பரப்பி வைத்திருக்கிறேன். யாரோ ஆண்பிள்ளை போட்டுத் தேய்ந்த பூட்ஸ், என் காலுக்கு ஒரு அளவு பெரியது. மூன்று ஜோடி கம்பளிக் காலுறை போட்டால் சரியாகிறது. ஒரு பனிக்கோடாலி. நம் வீட்டில் தேங்காய் உடைக்கக்கூட நான் அரிவாள் எடுத்ததில்லை, நீங்கள்தான் உடைப்பீர்கள். இதைக் கையில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூங்க வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

குட்டிக்கு மூக்கடைப்பு என்றீர்களே, ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
மனைவி


டிசம்பர் 5

நர்ஸம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை நான்தான் வைத்தேன்.

முட்டி வலிக்கிறது என்று நம் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்த ஆள் நீ. துணி காயப்போட மொட்டைமாடிக்கு என்னை அனுப்பிவிட்டுக் கீழேயிருந்து அதிகாரம் செய்வாய். அந்த முட்டியைத் தூக்கிக்கொண்டு பனிமலை ஏறுகிறாயாம். டிப்போவில் சொன்னேன். கண்டக்டர் சிரிக்கவில்லை. "ஏண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். மலைக்குப் போன உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். காலை நாலரைக்கு எழுந்து முதல் டிரிப் எடுக்கிறேன். அதே பதினெட்டு நிறுத்தம், அதே முகங்கள். மத்தியானம் வந்து குட்டியின் யூனிபார்மைத் துவைக்கிறேன். அக்காவுக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, குனிய முடியவில்லை. ஆனாலும் நம் வீட்டில் அவள்தான் சமைக்கிறாள். அவளுக்கும் சொந்தமாக ஒரு வீடு உண்டு என்பதை இரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

நீ டிசம்பரில் வருகிறாய் என்று குட்டி காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். போன வாரம் அந்தத் தாளையே காணோம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதிமூன்று வயதில் இப்படி வாயை மூடிக்கொள்ள யாரிடம் கற்றாளோ.

இரண்டு வருஷம் என்று நீதான் சொன்னாய். நகரத்து ஆஸ்பத்திரியில் அலுத்துவிட்டது, கொஞ்ச நாள் வேறு காற்று வேண்டும் என்றாய். சரி என்றேன். காற்று போதவில்லையா?

ஆவி பிடித்தாள். மூக்கு சரியாகிவிட்டது.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 9

என்னங்க,

நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் தெம்பு இன்று இல்லை. இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கோபம் குறையாவிட்டாலும் படியுங்கள்.

முதல் மூன்று நாள் நடக்கக் கற்றேன். சரிவில் பூட்ஸ் முனையால் பனியை உதைத்துப் படி வெட்டி, அதில் காலை ஊன்றி, அடுத்த காலை உதைக்க வேண்டும். முன்னே போகிறவர் வெட்டிய படியை மிதித்துக் கெடுக்கக்கூடாது. ஒவ்வொரு அடிக்கும் பின்னங்காலை விறைப்பாக நிறுத்தி, உடம்பின் பாரத்தை எலும்பின் மேல் போட்டு, ஒரு மூச்சு நிற்க வேண்டும். அந்த ஒரு மூச்சுதான் ஓய்வு. இப்படி நடந்தால் நாள் முழுக்க நடக்கலாம் என்கிறார் எங்களுக்குப் பயிற்சி தரும் டீச்சர். அவருக்கு இருபத்தொன்பது வயது. என்னை 'நர்ஸம்மா' என்று கூப்பிட்டுவிட்டு, மற்றவர்களைத் திட்டுகிற அதே குரலில் திட்டுகிறார்.

நாலாம் நாளிலிருந்து விழக் கற்கிறோம். சரிவில் வேண்டுமென்றே விழ வேண்டும். சறுக்கிக்கொண்டே குப்புறப் புரண்டு, கோடாலியின் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்து, அதன் கூர்மூக்கைப் பனியில் குத்தி, நெஞ்சால் அமுக்க வேண்டும். பூட்ஸில் இரும்புப் பற்கள் மாட்டியிருந்தால் பாதத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பல் மாட்டி ஆளைக் குட்டிக்கரணம் போடவைத்துவிடும். உட்கார்ந்த வாக்கில் விழுந்தால் நின்றுவிடுகிறேன். தலைகீழாக, மல்லாந்து விழுவதுதான் வரவில்லை. தலை கீழே, கால் வானத்தில், கண்ணில் பனி. எந்தப் பக்கம் புரள்வது என்று யோசிப்பதற்குள் அடிவாரத்து வலையில் மூட்டை மாதிரி போய் விழுகிறேன். நேற்று ஒன்பது தடவை. "யோசிக்காதீங்க! யோசிக்கிற நேரத்துல பத்தடி போயிடுது!" என்று மேலேயிருந்து கத்துகிறார்.

மூன்று மூன்று பேராக ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். என் கயிற்றில் நடுவில் நான். எனக்குக் கீழே வானிலை நிலையத்துச் சமையல் அக்கா. ஐம்பது வயது, வாய் ஓயாது. "இவங்க சோத்துக்கு நான் மலை ஏறணுமாம், என் புருஷனுக்கே நான் மாடி ஏறிக் கொண்டுபோய்க் குடுத்ததில்ல" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே ஏறுகிறார். எனக்கு மேலே, சாலையில் பனி அள்ளும் மெஷின் ஓட்டுகிறவர். எல்லோரும் 'மெஷின் அண்ணன்' என்கிறார்கள். நல்ல பலசாலி. ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கயிறு முடிச்சைச் சரிபார்க்க வந்தால்கூட முடிச்சைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

மூக்குத் துவாரத்துக்குள் தோல் உரிகிறது. பனியில் பட்டு வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது. நினைத்துப் பாருங்கள், மூக்குக்குள் வெயில்.

குட்டி வட்டம் போட்டதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். இல்லை, எழுதியது நல்லதுதான்.

உங்கள்
மனைவி


டிசம்பர் 13

உனக்கு,

குட்டியின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயார் வசிப்பிடம் என்ற இடத்தில் அவள் 'மேலே' என்று எழுதியிருக்கிறாள். நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்து அந்த வாத்தியார் எனக்கு போன் செய்து, எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தடுமாறினார். சிரிக்கவும் முடியவில்லை.

பதினாறு வருஷமாக உன்னோடு குடும்பம் நடத்துகிறேன். வேறு காற்றுக்காக நீ மூக்குத் தோல் உரிய விழுந்து எழ மாட்டாய். எதையோ மறைக்கிறாய். மெஷின் ஓட்டுகிறவர் உன் முகத்தைப் பார்க்காததை எதற்கு எனக்கு எழுதுகிறாய்? நான் பஸ் டிரைவர். கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பழகினவன். சொல்லிவிடு.

வீட்டுக்காரன்


டிசம்பர் 17

என்னங்க,

சொல்கிறேன்.

போன பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் நான் போன் செய்தேன். கேஸ் அடுப்பு பற்ற மாட்டேன் என்கிறது என்று நீங்கள் கால் மணி நேரம் புலம்பினீர்கள். எதற்குக் கூப்பிட்டாய் என்று கடைசியில் கேட்டீர்கள். சும்மாதான் என்றேன்.

அன்று காலை மேல் வளைவில் பனி அள்ளிக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் சின்னதாகச் சரிவு விழுந்தது. ஒருவரை மெஷினின் இரும்புப் பலகைமேல் தள்ளி, தொடையில் வெட்டிவிட்டது. வயர்லெஸ்ஸில் செய்தி வந்தபோது மணி ஒன்பதரை. மருந்து, கட்டு, ஏற்ற வேண்டிய பாட்டில் எல்லாம் எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் ஆட்களோடு ஓடினேன். சாலை பனியில் மூடிப்போய்ச் சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் மேற்பார்வையாளர் கையை நீட்டித் தடுத்தார். "இங்கேயே நில்லுங்கம்மா. ஏறத் தெரியாத உங்களையும் சேர்த்துத் தூக்கிட்டு வர எனக்கு ஆள் இல்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

நின்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். தெரிந்தவர்களுக்கு அது இரண்டு மணி நேர ஏற்றம். இரண்டு மணிக்கு அவரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். வழியிலேயே போய்விட்டிருந்தார்.

காயம் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. துண்டைக் கட்டியிருந்தது முழங்காலுக்குக் கீழே. தடித்த காற்சட்டைக்குள் இரத்தம் வழிந்து கணுக்காலில் வந்து உறைந்திருக்கிறது. அடி அங்கேதான் என்று நினைத்து, இருக்கிற பலத்தை எல்லாம் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். மேலே கட்டியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பிழைத்திருக்கலாம். ரிப்போர்ட்டில் 'அதிக இரத்தப்போக்கு' என்று மட்டும் எழுதினேன். கட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

கட்டியவர் மெஷின் அண்ணன். இது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். முந்தாநாள் மத்தியானம் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். "அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். நர்ஸம்மா வந்துட்டாங்களா, நர்ஸம்மா வந்துட்டாங்களான்னு. வராங்க, வராங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." பிறகு கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "நான் கட்டினது சரியாத்தான இருந்துச்சு?" என்றார்.

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். பத்து மாதமாக என்மேல் இருந்த வெறுப்பைக்கூட அந்த நிமிஷம் விட்டுவிட்டார் போல. தன் பையிலிருந்த உலர்ந்த கையுறையை எடுத்து எனக்குக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் நேற்று முழுக்க ஏறினேன்.

நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை. உடம்பு வலிக்கிறது. மற்றதும் வலிக்கிறது.

உங்கள்
மனைவி


டிசம்பர் 22

உனக்கு,

கடிதத்தை டிப்போ கேன்டீனில் வைத்துப் படித்தேன். டீ ஆறிப்போனது. அடுத்த டிரிப்பில் இரண்டு நிறுத்தத்தில் நிறுத்தாமல் போய்விட்டேன். ஜனங்கள் கத்தினார்கள்.

கேஸ் அடுப்பு. கால் மணி நேரம். நீ ஒரு வார்த்தை, 'ஒருத்தர் செத்துட்டாருங்க' என்று சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவ்வளவு மோசமானவனா? நேற்று முழுக்க இதே யோசனை. பிறகு தோன்றியது, உன்னைப் பேசவிட்டேனா என்று.

அந்தக் கட்டு விஷயம். நீ சொன்ன பொய் எனக்குப் புரிகிறது. நானாயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஒன்று யோசி. அந்த மனிதர் நாளைக்கும் அதே சாலையில்தான் மெஷின் ஓட்டப்போகிறார். நாளைக்கு இன்னொருத்தனுக்கு அடிபட்டால் ஓடிப்போய் முதலில் கட்டப்போவதும் அவர்தான். சரியாக இருந்தது என்று நர்ஸே சொல்லிவிட்டார். அதே இடத்தில்தான் மறுபடியும் கட்டுவார். அப்போது?

பிரேக் பிடிக்காத வண்டியை 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லி அடுத்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு வர என்னால் முடியாது. எப்படிச் சொல்வாயோ, உன் பாடு. எனக்குத் தெரியாது. ஆனால் சொல்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பயிற்சி முடிந்ததும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வா. செத்தவருக்காக நீ செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. உயிரோடு இருக்கிறவர்கள் மூன்று பேர் இங்கே இருக்கிறோம்.

தலைகீழாக விழுகிற வித்தை வந்துவிட்டதா?

வீட்டுக்காரன்


டிசம்பர் 29

என்னங்க,

பயிற்சி முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டேன். காற்று பலமாக அடித்ததில் முகாமை ஆறு நாள் நீட்டினார்கள். உங்கள் கடிதம் கடைசி லாரியில் வந்தது.

ஒருநாள் முழுக்க வெளியே போக முடியாமல் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். "சும்மா இருக்காம நர்ஸம்மா ஏதாவது சொல்லிக்குடுங்க. ரத்தம் நிறுத்துறது காட்டுங்க" என்றார் டீச்சர். சமையல் அக்கா கையை நீட்டினார். கையில் காட்டியிருக்கலாம். "கால நீட்டுங்கக்கா" என்றேன்.

"துணிக்கு மேல ரத்தம் தெரியிற இடத்தை நம்பாதீங்க. துணியைக் கிழிச்சு, காயம் எங்கேன்னு கண்ணால பாருங்க. காயத்துக்கு மேல, உடம்பு இருக்கிற பக்கமாக் கட்டணும்" என்று சொல்லிக் கட்டிக் காட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த மெஷின் அண்ணன் கேட்டார்:

"கீழ கட்டினா?"

"கீழ கட்டினா நிக்காது."

தலையை ஆட்டினார். எழுந்து வெளியே போனார், கையுறைகூடப் போடாமல். கொஞ்சம் பொறுத்து அவர் கையுறையை எடுத்துக்கொண்டு நானும் போனேன். கூடாரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"சரின்னு சொன்னீங்களே."

"சொன்னேன். தப்பு."

"நீங்க வந்திருந்தா?"

"மேல கட்டியிருப்பேன். நான் வரல. வரத் தெரியல."

கையுறையை வாங்கிக்கொண்டார். போட்டுக்கொள்ள வெகுநேரமாயிற்று, விரல் விறைத்துப்போயிருந்தது. அழுதாரா என்று தெரியாது, அந்தக் காற்றில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்தான்.

மறுநாள் காலை பெரிய சரிவில் கடைசித் தேர்வு. அவர் என் கயிற்றில் கட்டிக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். முடிச்சைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏறினோம். பாதிக்குமேல் போனதும் சமையல் அக்காவின் இரும்புப் பல் அவர் காற்சட்டையிலேயே மாட்டியது. "ஐயோ" என்று கேட்டது, அடுத்த நொடி என் இடுப்பை யாரோ உதைத்த மாதிரி கயிறு இழுத்தது. மல்லாந்து, தலைகீழாகப் போனேன். யோசிக்கவில்லை. எப்படிப் புரண்டேன், எப்படிக் குத்தினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியாது. கோடாலி கடித்தது, பிய்த்துக்கொண்டது, மறுபடி கடித்தது. அக்காவின் பாரம் முழுக்க என் இடுப்பில். வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்போது மேலேயிருந்து கயிறு விறைத்தது. நின்றோம். மேலே பார்த்தால் மெஷின் அண்ணன் கோடாலிமேல் கவிழ்ந்து கிடக்கிறார், முகம் பனிக்குள்.

"புடிச்சிருக்கேன்!" என்று கத்தினார். "அவசரப்படாதீங்க! புடிச்சிருக்கேன்!"

சாயங்காலம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து, "இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். தன் தொடையிலேயே பதினோரு தடவை கட்டிப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேர்ச்சி பெற்றுவிட்டேன். 'சுமார்' என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத விஷயம். இன்னொரு வருஷம் இருக்க முடியுமா என்று டாக்டர் படிவம் கொடுத்திருக்கிறார். ஜனவரி இருபதுக்குள் சொல்ல வேண்டும். அதுவரை வேலையில் இருக்கச் சொல்லியிருக்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தடவை கேட்காமல் செய்ய மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள்
மனைவி


ஜனவரி 12

என்னங்க,

பதில் இல்லை. மூன்று லாரி வந்து போய்விட்டது. போன் லைன் பனியில் அறுந்து கிடக்கிறது, இந்தத் தடவை நிஜமாகவே.

வா என்றால் வருகிறேன். இரு என்றால் இருக்கிறேன். எதையாவது சொல்லுங்கள். முடிவெடுக்கும் சக்தி என்னிடம் மிச்சமில்லை. படிவம் மேஜைமேல் இருக்கிறது. சாப்பிடும்போது தட்டை அதன்மேல் வைக்காமல் ஓரமாக வைத்துச் சாப்பிடுகிறேன்.

குட்டிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கொடுங்கள். படிக்கவில்லை என்றாலும் கொடுங்கள்.

உங்கள்
மனைவி


ஜனவரி 19, காலை

உனக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு வேண்டாம். உன் அறையில், உன் மேஜையில், உன் பேனாவால் எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீ தூங்கும் சத்தம் கேட்கிறது. இந்தக் குறட்டை எப்போதிலிருந்து?

நீ எழுதின இரண்டு கடிதத்துக்கும் ஆறு பதில் எழுதிக் கிழித்தேன். 'வா' என்று எழுதினால் செத்தவர் கேட்ட கேள்வி ஞாபகம் வருகிறது. 'இரு' என்று எழுதினால் குட்டி. கடைசியில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு, நேரில் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று கிளம்பினேன். மூன்று பஸ், அப்புறம் ரேஷன் லாரி. இருபது வருஷம் வண்டி ஓட்டினவனை அந்த லாரிக்காரன் வளைவுக்கு வளைவு கண்ணை மூடவைத்துவிட்டான். கிளட்ச் இல்லாத இடத்தில் கிளட்ச்சை மிதித்து மிதித்து என் இடது கால் வீங்கிவிட்டது.

நேற்று மத்தியானம் வந்து இறங்கினேன். நீ இல்லை. கரண்ட் கம்பி சரிசெய்யப் போன ஒருவர் மேலே விழுந்து நெஞ்சில் அடி, காலையிலேயே உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் கம்பவுண்டர். "வேற யாரும் போக மாட்டாங்களா?" என்று கேட்டேன். "ஏறத் தெரிஞ்ச நர்ஸ் அவங்க ஒருத்தர்தான் சார்" என்றார். நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் கோட்டையும் குல்லாவையும் கொடுத்தார். இங்கே உட்கார்ந்திருந்தேன். படிவத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கிழிக்கத்தான் வந்தேன். ஒரு தடவை கையிலும் எடுத்தேன்.

மூன்று மணிக்கு வெளியே சத்தம். ஓடினேன். சரிவில் ஏழு பேர் ஸ்ட்ரெச்சரைக் கயிற்றில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். யார் நீ என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே வெள்ளை முகம். அப்புறம் குரல் கேட்டது. "மெதுவா, மெதுவா, தலைப்பக்கம் தூக்குங்க." வீட்டில் எனக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் இவ்வளவு சத்தமாக, இவ்வளவு நிதானமாக நான் கேட்டதில்லை. வாசலுக்கு வந்ததும் என்னை நேராகப் பார்த்தாய். பார்த்து, "அண்ணே, அந்த ஓரத்தைப் புடிங்க" என்றாய்.

பதினாறு வருஷம் குடும்பம் நடத்தின என்னை அண்ணே என்றாய். நான் பிடித்தேன். உள்ளே கொண்டுபோய்க் கிடத்தும்வரை பிடித்தேன். நீ டாக்டரோடு அந்த மனிதரின் நெஞ்சில் குழாய் வைத்தாய். அவர் மூச்சு சீராக வர இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நான் கதவோரம் நின்றேன். நீ திரும்பவே இல்லை. முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பக்கத்து அறையில் ஸ்ட்ரெச்சர் ஆட்கள் படுக்கும் கட்டிலில் விழுந்தாய். பூட்ஸைக் கழற்றியது நான். எழுந்திருக்கவில்லை. உன் கால் விரல் இரண்டில் நகமே இல்லையே, அதை ஏன் எழுதவில்லை?

அடிபட்டவர் காலையில் தண்ணீர் கேட்டாராம். பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர்.

இனி என் முடிவு. வாயால் சொன்னால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், நான் கத்துவேன். அதனால் எழுதி வைக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் இரு. ஆனால் அடுத்த பயிற்சிக்கு இங்கேயிருந்து இன்னும் இரண்டு பேரையாவது அனுப்ப வேண்டும் என்று டாக்டரிடம் நானே இன்று பேசப்போகிறேன். நீ ஒருத்தியே எத்தனை நாள் ஏறுவாய்? அவர்கள் ஏறக் கற்றதும் நீ இறங்கி வர வேண்டும். அக்காவை அவள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மத்தியான ஷிப்டுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன், சமையலை நானே பார்த்துக்கொள்வேன். குட்டி உன் கடிதத்தைப் படித்தாள். என்னிடம் காட்டவில்லை. கிளம்பும்போது, "பரீட்சை லீவுக்கு நான் அங்க வரலாமான்னு அம்மாகிட்ட கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன்.

எனக்கு இது பிடித்திருக்கிறது என்று நினைக்காதே. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று அந்த ஸ்ட்ரெச்சர் எவ்வளவு கனம் என்று என் கைக்குத் தெரியும்.

குறட்டை நின்றுவிட்டது. இருமுகிறாய். கட்டில் கிறீச்சிடுகிறது. என்னைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டு, "அண்ணே, டீ இருக்கா?" என்று கேட்கிறாய்.

இரு, கொண்டு வருகிறேன்.